யார் கண்ணால் பார்க்கிறோம்?
புனைகதையின் கூறுகளும் வாவிக்கரைக் கதைகளும்

சிறுகதையின் கூறுகள் யாவை என்று சாதாரண தரம் படிக்கும் ஒரு பிள்ளையிடம் கேட்டுப்பாருங்கள். விரல் மடித்துச் சொல்லிவிடும். கதைக்கரு, கதைப்பின்னல், பாத்திரம், களம், உரையாடல், நோக்குநிலை. பரீட்சையில் புள்ளியும் கிடைத்துவிடும். அதே பிள்ளை பத்து வருடம் கழித்து ஒரு கதை எழுத உட்காரும்போது இந்த ஆறு சொற்களும் எங்கே போய் ஒளிந்துகொள்கின்றன என்பதுதான் என் கேள்வி.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, மருதமுனை, அக்கரைப்பற்று என்று பல ஊர்களிலிருந்தும் இளையவர்களின் கதைகள் அபிப்பிராயம் கேட்டு என்னிடம் வருகின்றன. அவற்றை வாசிக்கையில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எழுதுவதற்கு விடயம் இல்லையென்ற குறை நமக்கு இல்லை. 1990 இருக்கிறது. 2004 டிசம்பர் 26 இருக்கிறது. 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னர் ஊர் முழுவதும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட மாதங்கள் இருக்கின்றன. வாழ்க்கை நமக்குத் தேவைக்கு அதிகமாகவே தந்துவிட்டது. ஆனால் தந்ததை யார் கண்ணால் பார்ப்பது என்பதில்தான் பெரும்பாலான கதைகள் தடுமாறுகின்றன.

கூறுகள் என்பவை ஒரு கதையில் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் பட்டியல் என நம்மில் பலர் எண்ணுகின்றனர். அப்படிப் பார்த்தால் மோசமான கதையிலும் ஆறும் இருக்கும். என்னைப் பொறுத்தவரை ஒவ்வொரு கூறும் எழுதுபவர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி. அவற்றுள் பட்டியலின் கடைசியில் நிற்கும் நோக்குநிலையே நம் பிரதேசத்தைப் பொறுத்தவரை முதலில் நிற்க வேண்டியது. ஏன் என்பதற்கு மற்றக் கூறுகளைக் கடந்துதான் வர வேண்டும்.

முதலில் கதைக்கருவை எடுத்துக்கொள்வோம். இளையவர்களிடம் "உங்கள் கதை எதைப் பற்றியது?" என்று கேட்டால் "சீதனக் கொடுமை" என்பார்கள், "இன ஒற்றுமை" என்பார்கள். இவை தலைப்புகள். கூட்டம் போட்டுப் பேசலாம், தீர்மானம் நிறைவேற்றலாம். கதை எழுத இவை போதாது. சீதனம் கொடுமை என்பது கதையின் முதல் வரியிலேயே எழுதியவருக்கும் தெரிந்து, வாசிப்பவருக்கும் தெரிந்திருந்தால் மீதிப் பக்கங்களுக்கு வேலை என்ன? நம் பகுதியில் பெண்ணுக்கு வீடு கட்டிக்கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைக்கிறோம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். அந்த வீட்டைக் கட்டுவதற்கு வாப்பா மத்திய கிழக்குக்குப் போகிறார், காக்கா தன் கலியாணத்தைத் தள்ளிப்போடுகிறார். அதே வீடுதான் பின்னொரு நாளில் கணவன் கைவிட்டாலும் அவளுக்கென்று நிற்கும் கூரையாகவும் இருக்கிறது. குடும்பத்தை விழுங்கிய வீடும் பெண்ணைக் காப்பாற்றிய வீடும் ஒன்றே. இந்த முரணைத் தொட்டவர் கதைக்கருவைத் தொட்டுவிட்டார். "கொடுமை" என்று மட்டும் சொன்னவர் தலைப்போடு நின்றுவிட்டார்.

கதைப்பின்னல் பற்றிப் பேசும்போது ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். ஃபோர்ஸ்டர் 1927இல் வெளியிட்ட நாவல் பற்றிய விரிவுரைகளை யாரும் தவிர்க்க முடியாது. நிகழ்ச்சிகளைக் காலவரிசைப்படி சொல்வது கதை, அவற்றைக் காரண காரியத்தால் பிணைப்பது பின்னல் என்று அவர் பிரித்துக் காட்டினார். நம் கரைக்கு ஏற்றபடி இதை இப்படிச் சொல்லிப் பார்க்கலாம். "தோணி திரும்பவில்லை. பிறகு அவள் வலைகளை விற்றாள்." இது வரிசை. "தோணி திரும்பவில்லை. மகனும் ஆற்றில் இறங்கிவிடக்கூடாதென்று அவள் வலைகளை விற்றாள்." இது பின்னல். இரண்டாவதில் ஒரு மனம் வந்துவிட்டது, ஒரு பயம் வந்துவிட்டது. வலையை விற்ற காசு தீர்ந்ததும் மகன் என்ன செய்வான் என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

சுனாமி பற்றிய கதைகள் பல இந்த இடத்தில்தான் சறுக்கின. கடல் வந்தது, எல்லோரும் போனார்கள், ஒருவர் மிஞ்சினார், அழுதார். நிகழ்ந்தது உண்மை. துயரமும் உண்மை. ஆனால் அலை எந்த மனிதரின் தீர்மானத்தாலும் வரவில்லை. ஆகவே அதைக் கதையின் முடிவில் வைத்தால் முன்னர் நடந்த எதனோடும் அது பிணையாது. எழுதுபவர் அலையைத் தொடக்கத்தில் வைக்க வேண்டும், அல்லது அலைக்குப் பின்னர் மனிதர் செய்த தெரிவுகளில் கதையைத் தேட வேண்டும். நிவாரண வரிசையில் இறந்த தம்பியின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்ட ஒருவரிடத்தில் கதை இருக்கிறது. பேரலையைப் பற்றிய வர்ணனையில் அது இல்லை.

களத்திற்கு வருவோம். இதற்குத் தமிழனுக்கு மேல்நாட்டுப் பாடம் தேவையில்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து உணவு, மரம், விலங்கு, பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், அங்கு வாழ்வோரின் உணர்வை உரிப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்தது. இங்கே கருப்பொருள் என்பதை நாம் முன்னர் பேசிய கதைக்கருவோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. தொல்காப்பியர் சொல்வதன் சாரம், இடமும் இடத்தின் பொருள்களும் மனித உணர்வோடு சேர்ந்தே வருகின்றன என்பது. நெய்தலுக்கு இரங்கல் என்றால் அலையும் உப்பும் மீன்வலையும் அந்த இரக்கத்திற்குள் இருக்கின்றன.

முஸ்லிம் தமிழ்ப் படைப்பாளிகளுக்குக் களம் என்றும் ஒரு சிக்கலாகவே இருந்து வந்திருக்கிறது. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடியபோது காவிய மரபுப்படி நெல் வயலும் நீர்வளமும் கொண்டதாகவே அதைப் பாடினார். இலங்கையர் எழுதிய முதலாவது தமிழ் நாவல் என்று கொள்ளப்படும் சித்திலெப்பையின் அசன்பே சரித்திரம் 1885இல் வெளிவந்தது. அதன் கதையோ எகிப்திலும் இந்தியாவிலும் நடக்கிறது. ஒருவர் தூரத்து நிலத்தைத் தன் நிலமாக மாற்றினார். மற்றவர் தன் நிலத்தை விட்டுவிட்டுத் தூரத்து நிலத்தில் கதையை நடத்தினார். இருவருக்கும் அவரவர் காலத்தில் நியாயமான காரணங்கள் இருந்தன. நம் ஊர், நம் ஒழுங்கை, நம் பள்ளிவாசல் முன்றல் கதைக்குள் வருவதற்கு இன்னும் பல தசாப்தங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. மட்டக்களப்புக் கோட்டைமுனையைச் சேர்ந்த பித்தன் கே.எம். ஷா, அக்கரைப்பற்றின் அ.ஸ. அப்துஸ் ஸமது, மருதமுனையின் மருதூர்க்கொத்தன் ஆகியோர் இந்த வேலையைச் செய்தவர்களுள் முக்கியமானவர்கள்.

இன்று வரும் கதைகளில் வாவி நிறைய வருகிறது. ஆனால் பெரும்பாலும் நிலாவோடும் பாடும் மீனோடும் வருகிறது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்திற்குக் கிடக்கும் இந்த நீர் நிலவைப் பார்ப்பதற்கு மட்டும் அங்கு கிடக்கவில்லை. எழுவான்கரையில் ஊர்கள் நெருக்கமாக இருக்கின்றன. படுவான்கரையில் வயல்கள் விரிந்து கிடக்கின்றன. எழுவான்கரை முஸ்லிம்கள் பலருக்குக் காணி அக்கரையில், குடியிருப்பு இக்கரையில். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். பாதை என்று நாம் சொல்வது மனிதரையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு போகும் அந்த மிதவையை. யுத்த காலத்தில் இக்கரை ஒருவர் கட்டுப்பாட்டில், அக்கரை வேறொருவர் கட்டுப்பாட்டில் இருந்த வருடங்கள் உண்டு. அப்போது வாவியைக் கடப்பது என்பதே ஒரு தீர்மானம். களம் என்றால் இதுதான். ஒரு பாத்திரம் என்ன செய்யலாம், என்ன செய்ய இயலாது என்பதை நிர்ணயிக்கும் சக்தி அது. கடக்க இயலாத நீரைக் காட்டிவிட்டால் நிலவைப் பற்றி ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை.

பாத்திரம் பற்றி எனக்குள்ள முறைப்பாடு சுருக்கமானது. நம் கதைகளில் உம்மாமார் மிகவும் நல்லவர்களாக இருக்கிறார்கள். ஹாஜியார்கள் மிகவும் கெட்டவர்களாக இருக்கிறார்கள். தமிழ் நண்பர் ஒருவர் வந்தால் அவர் கட்டாயம் உயிரைக் கொடுத்து நண்பனைக் காப்பாற்றுகிறார், அல்லது காட்டிக்கொடுக்கிறார். இடையில் நிற்க யாருக்கும் அனுமதியில்லை. ஃபோர்ஸ்டர் தட்டையான பாத்திரம், முழுமையான பாத்திரம் என்று பிரித்ததை நாம் அறிவோம். நம்பும்படியாக நம்மை வியக்க வைக்கும் பாத்திரமே முழுமையானது என்பது அவருடைய அளவுகோல். நான் இளையவர்களிடம் இதைவிடச் சிறிய ஒரு கேள்வியையே கேட்பேன். இந்த உம்மா இன்றைக்கு அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் எதை விரும்புகிறார்? மகன் திரும்பி வர வேண்டுமென்பது பெரிய விருப்பம். அதை எல்லா உம்மாமாரும் விரும்புவர். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்த தேங்காய்த் துருவலையை எப்படித் திருப்பிக் கேட்பது என்று அதே நேரத்தில் அவர் யோசிப்பாரானால் அவர் நமக்குத் தெரிந்த மனுஷியாகிவிடுகிறார். பெரிய துயரம் சிறிய கவலையைத் துரத்திவிடுவதில்லை. இரண்டும் ஒரே மனத்தில் அருகருகே உட்கார்ந்திருக்கும்.

உரையாடலில் நாம் ஒரு போரை வென்றுவிட்டோம் என்றே சொல்லலாம். 1960களின் ஆரம்பத்தில் இலங்கையில் நடந்த மரபுப் போராட்டத்தில், கதைகளில் வந்த பேச்சு மொழியை இழிசனர் வழக்கு என்று பண்டிதர்கள் சாடினர். முற்போக்கு எழுத்தாளர்கள் எதிர்த்து நின்றனர். மக்கள் பேசும் மொழி கதைக்குள் வந்து நிலைத்தது. கேரளத்தில் வைக்கம் முகம்மது பஷீரின் மொழிக்கும் இதேபோன்ற கேள்வி இருந்தது. பாத்தும்மாவின் ஆட்டில் எழுத்தாளனின் சொந்தத் தம்பியே அண்ணனின் இலக்கணப் பிழைகளைப் பிடித்துத் திட்டுவதாக எழுதிப் பஷீர் அந்தக் கேள்வியைச் சிரிப்பாக்கிவிட்டார். தோப்பில் முஹம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை 1988இல் நூலாக வந்தபோது குமரிக் கரை முஸ்லிம்களின் பேச்சு தமிழ் நாவலுக்குள் கம்பீரமாக நுழைந்தது. நம் பக்கத்தில் விமல் குழந்தைவேலின் கசகறணம் அக்கரைப்பற்றுச் சந்தையைச் சுற்றிய தமிழ், முஸ்லிம் வாழ்வை அந்த மண்ணின் பேச்சிலேயே சொன்னது.

வென்ற பிறகு வரும் சோம்பலைத்தான் இப்போது காண்கிறேன். "மறுகா", "இஞ்ச" என்று நான்கு சொற்களைத் தூவிவிட்டால் உரையாடல் மண்வாசனை பெற்றுவிடும் என்று நினைக்கிறோம். பேச்சில் மண் இருப்பது சொற்களில் மட்டுமன்று. யார் யாரை எப்படி அழைக்கிறார் என்பதில் அது ஆழமாக இருக்கிறது. ஒரு சிறிய உதாரணம் தருகிறேன். படுவான்கரையில் ஒரு முஸ்லிமின் காணியைச் செய்துவந்த தமிழ் விவசாயி அவரைப் "போடியார்" என்று அழைத்து வந்தார் என்று வைத்துக்கொள்வோம். பல வருடங்கள் போக்குவரத்து அற்றுப்போகிறது. மீண்டும் இருவரும் சந்திக்கின்றனர்.

"காக்கா, எப்ப வந்தீங்க?"

"காலமைதான். வேளாண்மை எப்பிடி?"

"பரவாயில்ல. இரிங்க, தேத்தண்ணி கொண்டாறன்."

"போடியார்" போய்க் "காக்கா" வந்துவிட்டது. அதில் நெருக்கம் கூடியிருக்கிறதா, அதிகாரம் குறைந்திருக்கிறதா, அல்லது இந்தக் காணி இனி உன்னுடையதென்று நான் ஒப்புக்கொள்ளவில்லை என்ற மௌன அறிவித்தலா? மூன்றும் இருக்கலாம். காணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்படவில்லை. ஆனால் முழு உரையாடலும் காணியைப் பற்றியதுதான். இதை எழுதுபவர் "இனமுரண்பாட்டால் அவர்களின் உறவில் விரிசல் ஏற்பட்டிருந்தது" என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டால் எல்லாம் பாழ்.

இனி நோக்குநிலை. நம் வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் வைத்த பெயர்களைக் கொஞ்சம் யோசித்துப்பாருங்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. சூரியன் படும் பக்கம் படுவான்கரை. காத்தான்குடியில் கடற்கரையில் நிற்பவருக்குச் சூரியன் எழுவது கடலில். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் வயலில் நிற்பவருக்கு அது படுவது இன்னும் மேற்கே. இரண்டு பெயர்களும் ஒருசேரப் பொருந்த வேண்டுமானால் நிற்க வேண்டிய இடம் ஒன்றுதான். வாவியின் நடுவே, தோணியில். இந்தப் பெயர்களில் ஒரு கதைசொல்லி நிற்கிறான். அவன் நிற்கும் இடமே இரு கரைகளுக்கும் பெயர் கொடுத்திருக்கிறது.

நோக்குநிலை என்பது இவ்வளவுதான். எங்கு நிற்கிறோமோ அதற்கேற்பவே பொருள்களுக்குப் பெயர் வருகிறது. ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். வாவி ஒடுங்கிய ஓரிடத்தில் ஒரு முதியவர் தினமும் அஸர் தொழுதுவிட்டு வந்து கரையில் நிற்கிறார். அக்கரையில் அவருடைய வயல். போக முடியாது. அவர் கண்ணால் எழுதினால், தூரத்தில் ஒரு புகை தெரியும். தன் வரம்பில் யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறான் என்ற நினைப்பு எழும். பேரப்பிள்ளையின் கண்ணால் எழுதினால் வயலே இல்லை. மூத்தாப்பா கதைக்காமல் நிற்கும் நேரம் ஒன்று இருக்கிறது, அப்போது கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, அவ்வளவே. அக்கரையில் அடுப்பு மூட்டியவரின் கண்ணால் எழுதினாலோ, தினமும் ஒரு வெள்ளைச் சாரம் வந்து நின்று தன்னை எண்ணிவிட்டுப் போகிறது. மூன்றும் ஒரே மாலை, ஒரே நீர். மூன்றும் வெவ்வேறு கதைகள். எழுதுபவர் தெரிவு செய்யாமல் மூன்றையும் கலந்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

இந்தத் தெரிவு நமக்கு ஏன் உயிர் பிரச்சினையாகிறது? 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் கொன்றனர். ஒரு வாரம் கழித்து ஏறாவூரில் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள். செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள், பெண்களும் குழந்தைகளுமாக, படையினரால் கொல்லப்பட்டனர். ஒரே வாவியைச் சுற்றி, ஐந்தரை வாரங்களுக்குள் இவை நடந்தன. இவற்றை எழுத வரும் இளையவர் ஒருவர் பள்ளிவாசலின் பின் வரிசையில் நின்ற ஏழு வயதுச் சிறுவனைக் கதைசொல்லியாக எடுத்துக்கொள்கிறார். நல்ல தெரிவு. ஆனால் மூன்றாவது பக்கத்தில் துப்பாக்கியோடு வந்தவனின் மனத்தில் ஓடியதைச் சிறுவன் சொல்லத் தொடங்கிவிடுகிறான். ஐந்தாவது பக்கத்தில் அரசியல் ஆய்வாளன் ஆகிவிடுகிறான். அந்தக் கணத்தில் சிறுவன் இறந்துவிடுகிறான். குண்டு அவனைக் கொல்லவில்லை, கதை கொன்றுவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். "அப்படியானால் நடுநிலையாக எழுத வேண்டுமா? கொல்லப்பட்டவன் கொன்றவனுக்கும் நியாயம் சொல்ல வேண்டுமா?" இல்லை. நான் கேட்பது அதுவன்று. காத்தான்குடிச் சிறுவனுக்குச் சத்துருக்கொண்டானைப் பற்றித் தெரியத் தேவையில்லை. சத்துருக்கொண்டான் தாய்க்குக் காத்தான்குடியைப் பற்றித் தெரியத் தேவையில்லை. ஒரு பாத்திரம் தன் துயரத்தை மட்டுமே பார்ப்பதற்கு முழு உரிமையும் உண்டு. ஆனால் அந்தச் சிறுவனை எழுதுபவருக்கு மற்றது தெரிந்திருக்க வேண்டும். பாத்திரத்தின் குருடு வேறு, எழுதுபவரின் குருடு வேறு. முன்னது கலை. சிறுவன் பார்க்காததை வாசகர் அவன் தோளுக்கு மேலால் பார்த்துவிடுகிறார். பின்னதில் வாசகருக்கும் பார்க்க ஒன்றுமில்லை. எழுதுபவருக்குத் தெரிந்ததும் பாத்திரத்துக்குத் தெரிந்ததும் ஒரே அளவாக இருக்கும் கதை தட்டையாகிவிடுவதன் காரணம் இதுதான். யுத்தம் முடிந்தபின் வந்த ஷர்மிளா செய்யித்தின் உம்மத் நாவலை நான் முக்கியமாகக் கருதுவதற்கு ஒரு காரணம், முன்னாள் பெண் போராளிகளின் வாழ்வுக்குள் நுழைந்து பார்க்க ஒரு முஸ்லிம் பெண் எழுத்தாளர் துணிந்தது. அது வெற்றியா தோல்வியா என்று நாம் விவாதிக்கலாம். ஆனால் பார்க்க முயன்ற அந்தக் கண்ணை மறுக்க முடியாது.

பார்ப்பவரும் எழுதுபவரும் வேறு வேறு ஆட்கள் என்ற இந்த அறிவு தமிழுக்குப் புதிதன்று. சங்க அகப்பாடல்கள் யாவும் கூற்றுகள். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. புலவர் தன் வாயால் ஒருபோதும் பேசுவதில்லை. கபிலர் தோழியாகப் பேசியிருக்கிறார். அதற்காகக் கபிலரை யாரும் ஒரு பெண்ணின் களவைப் பரப்பியவர் என்று குற்றஞ்சாட்டவில்லை. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்ற விதியும் இருந்தது. நம் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளும் அப்படித்தான். மச்சானை நினைத்து மச்சி பாடுகிறாள், மச்சிக்கு மச்சான் பதில் சொல்கிறான். பாடியவரைக் கூப்பிட்டு விசாரித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அச்சில் வந்த கதையென்றதும் இந்த ஞானம் நம்மை விட்டுப் போய்விடுகிறது. ஒரு கதை வெளிவந்த மறுநாள் ஊரில் எழும் முதல் கேள்வி "இது யாரைப் பற்றி எழுதினது?" என்பதாகவே இருக்கிறது. அதில் வரும் மரைக்கார் எந்த மரைக்கார், அந்த ராத்தா எந்த வீட்டு ராத்தா? பாத்திரம் மார்க்கத்திற்கு முரணாக ஒரு வார்த்தை பேசிவிட்டால் அந்த வார்த்தை எழுதியவரின் கழுத்தில் மாட்டப்படுகிறது. எழுதிய பெண்ணாக இருந்தால் கேட்கவே தேவையில்லை. பயந்துபோன எழுத்தாளர் அடுத்த கதையில் எல்லோரையும் நல்லவர்களாக்கிவிடுகிறார். மேலே நான் குறைப்பட்டுக்கொண்ட நல்ல உம்மாமார் பலரும் இந்தப் பயத்தில் பிறந்தவர்களே.

இது நம் ஊரோடு நிற்கும் பிரச்சினையுமல்ல. சிங்கள எழுத்தாளர் ஷக்திக சத்குமார 2019 ஏப்ரலில் ஒரு சிறுகதைக்காகக் கைது செய்யப்பட்டார். முகநூலில் அவர் பதிவிட்ட, பௌத்த துறவிகளின் வாழ்வைத் தொட்ட அந்தப் புனைவு மதத்தை அவமதிப்பதாக முறைப்பாடு. நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். 2021இல்தான் விடுவிக்கப்பட்டார். மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானபோது அவருடைய நவரசம் என்ற கவிதைத் தொகுதியே சான்றாகக் காட்டப்பட்டது. ஒன்றரை வருடத்திற்கும் மேல் தடுப்பில் இருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கவிதையில் பேசும் குரல் யாருடையது, புனைவில் ஒரு பாத்திரம் சொல்வது எழுதியவரின் வாக்குமூலமா என்று கேட்கத் தெரிந்த ஒரு வாசகர் ஆரம்பத்திலேயே இருந்திருந்தால் இத்தனை மாதங்கள் வீணாகியிருக்குமா? அரசியல் காரணங்கள் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாசிக்கத் தெரியாமை அந்தக் காரணங்களுக்குக் கதவு திறந்து வைத்தது. அரசு ஒரு கவிஞனைத் தவறாக வாசித்தபோது நாம் கொதித்தோம். சரிதான். ஊருக்குள் ஒரு கதையை நாம் வாசிக்கும் விதம் எவ்வளவு தூரம் வேறுபட்டது என்பதையும் அதே நேர்மையோடு கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே புனைகதையின் கூறுகளை விளங்கிக்கொள்வது எழுதுபவருக்கு மட்டுமான பாடமன்று. பாடசாலையில் நோக்குநிலையைக் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தன்மை, படர்க்கை என்று எழுத வைத்துவிட்டு நிறுத்தாதீர்கள். எஸ்.எல்.எம். ஹனீபாவின் மக்கத்துச் சால்வையை எடுத்துக்கொள்ளுங்கள். 1992இல் அதே பெயரில் வந்த தொகுதியின் தலைப்புக் கதை அது. சிலம்பம், முதிய ஆசான்கள், ஊரின் பெருமை, மக்காவிலிருந்து வந்த ஒரு சால்வை என்று நமக்குத் தெரிந்த பொருள்களாலேயே கட்டப்பட்டது. கதையைப் படித்து முடித்ததும் பிள்ளைகளிடம் மற்ற ஆசானின் இடத்தில் நின்று அதே மாலையை ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இன்னொருவரின் கண்ணுக்குள் ஒரு பக்கம் வாழ்ந்து பார்த்த பிள்ளைக்குப் பாத்திரம் வேறு, படைத்தவர் வேறு என்று தனியாக விளக்க வேண்டியிராது.

எழுதும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்வேன். கதையை அனுப்புவதற்கு முன்னர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதை யார் பார்க்கிறார்? அவர் நிற்கும் இடத்திலிருந்து எதைப் பார்க்க இயலாது? அவர் பார்க்காத அது உங்களுக்குத் தெரியுமா? முதல் இரண்டிற்கும் பதில் இருந்து மூன்றாவதற்கு இல்லையென்றால் கதையைக் கொஞ்ச நாள் பெட்டியில் வையுங்கள். போய் விசாரியுங்கள். இப்போது மண்முனையில் பாலம் இருக்கிறது. அக்கரைக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குப் பாதைக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை.